பொன்னில் காய்த்த மாங்காய்

தமிழ்ப் பெண்கள் அணியும் நகைகளின் பெயர்களை ஒருவர் வரிசையாகச் சொல்லக் கேட்டால், ஒரு தோட்டத்தைச் சுற்றிவந்தது போலிருக்கும். மாங்காய் மாலை, மல்லிகைமொட்டு மாலை, தாமரைப் பதக்கம், தாலிக்கொடி, கோதுமைச் சங்கிலி, சடையில் செருகும் தாழம்பூ என்று காயும் மொட்டும் மலரும் கொடியுமாக அப்பெயர்கள் விரியும். பொன் மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது. ஆயினும் நம் முன்னோர் அதனைச் செடியில் காய்த்துப் பூத்ததாகவே கருதிப் பெயரிட்டனர்.

இவ்வுண்மையைத் தாய்நாட்டில் வாழ்ந்த காலத்தில் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. நகைகள் பெட்டியில் இருந்தன. பெயர்கள் பெரியோர் வாயில் இருந்தன. இரண்டையும் சேர்த்து நோக்கும் தேவை எழவில்லை. மெல்பர்ன் நகரில் குடியேறிப் பல்லாண்டுகள் சென்றபின், தமிழ்ப் பள்ளியில் பயிலும் எங்கள் மகளுக்கு ஆசிரியை கொடுத்த ஒரு வீட்டுப் பயிற்சியே எங்கள் கண்களைத் திறந்தது. அதனைப் பகிர்ந்துகொள்வது பெற்றோர்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதுகின்றோம். எங்கள் பிழைகள் சிலவும் இதில் வரும். அவற்றை மறைத்தால் கட்டுரைக்குப் பொருளில்லாமற் போகும்.

பெட்டி வந்த கதை

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். 2017ஆம் ஆண்டில் எங்கள் அம்மா எங்களோடு வாழ வந்தார். அவர் எங்களுள் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார். ஆனால் இருவருக்கும் அவர் அம்மாதான். வரும்போது கைப்பையில் ஒரு சிறு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் ஆச்சியின் பழைய மாங்காய் மாலை ஒன்றும், துணியில் முடிந்த பவுன் காசு ஒன்றும், ஒரேயொரு குன்றிமணியும் இருந்தன.

விதைகளை இந்நாட்டிற்குள் கொண்டுவருவோர் அதனை அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எதனையும் ஒளிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பெட்டியைத் தாமே திறந்து காட்டினார். விமான நிலையத்து அதிகாரி மாலையையும் காசையும் திருப்பித் தந்துவிட்டு, குன்றிமணியை மட்டும் பணிவோடு எடுத்துக்கொண்டார். “இத்தனை பவுனை வேண்டாமென்று கொடுத்துவிட்டு, ஒரு குன்றிமணியைப் பிடித்துக்கொண்டாரே!” என்று வீடு வரும்வரை அம்மா வியந்துகொண்டே வந்தார். நாங்கள் சிரித்தோம். அக்குன்றிமணியை அவர் ஏன் இவ்வளவு காலம் பொதிந்து வைத்திருந்தார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

விற்க முனைந்தது

அடுத்த ஆண்டு நாங்கள் சொந்த வீடு வாங்க முயன்றோம். முன்பணத்திற்கு ஒரு தொகை குறைந்தது. மாங்காய் மாலையோ கனமானது. இக்காலத்து ஆடைகளோடு பொருந்துவதில்லை. விருந்துகளுக்கு அணிந்து செல்லவும் அச்சம். விற்றுவிடலாம் என்று நாங்கள் இருவரும் கலந்து பேசி முடிவு செய்தோம். அம்மாவிடம் சொன்னோம். “உங்கள் விருப்பம்” என்றார். அந்த ஒரு சொல்லை இசைவு என்று கொண்டோம். மகள் வீட்டில் வாழ வந்த ஒரு தாய் வேறு என்ன சொல்ல முடியும் என்று அன்று நாங்கள் எண்ணவில்லை.

இவ்வகையில் எங்களுக்கு இது முதற்பிழையும் அன்று. 2006ஆம் ஆண்டில் ஊருக்குச் சென்றிருந்தபோது, குடும்பத்தில் வழிவழியாக வந்த மல்லிகைமொட்டு மாலை ஒன்றை அழித்து, புதுமாதிரிச் சங்கிலியாகச் செய்துகொண்டோம். பழையது உருகியபோது அரக்கும் அழுக்கும் கழிந்தன. புதியது செய்தபோது சேதாரமும் செய்கூலியும் கழிந்தன. எஞ்சியது எந்திரத்தில் பின்னிய ஒரு சங்கிலி. அதன் கண்ணி இதுவரை மூன்று முறை அறுந்துவிட்டது. அந்த மொட்டுகள் ஒவ்வொன்றும் எத்தகைய வடிவில் இருந்தன என்று இன்று எங்களால் வரைந்து காட்டவும் இயலாது. ஒரு நிழற்படம்கூட எடுத்து வைக்கவில்லை.

மாங்காய் மாலையை இந்நகரத்து நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். எடை 88 கிராம். அதாவது 11 பவுன். கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினார். கற்கள் பெருவிலை உடையன அல்ல என்றார். ஒவ்வொரு மாங்காயின் வயிற்றிலும் அரக்கு அடைத்திருப்பதால் கற்களுக்கும் அரக்குக்குமாக எடையில் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும் என்றார். ஒரு மாங்காய் பிற்காலத்தது என்றும், அதன் மாற்றுக் குறைவு என்றும் கூறினார். வேலைப்பாட்டிற்கு விலை உண்டா என்று வினவினோம். உருக்கப்போகும் பொருளுக்கு வேலைப்பாட்டு விலை எப்படிக் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் வணிகர்; அவர் சொன்னதில் குற்றமில்லை. சனிக்கிழமை வந்து முடித்துக்கொள்வதாகக் கூறித் திரும்பினோம்.

வீட்டுப் பயிற்சி

அந்த வாரந்தான் எங்கள் மகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. “உங்கள் வீட்டிலுள்ள ஓர் அணிகலனை வரைந்து, அதன் பெயர்க்காரணத்தை எழுதி வருக” என்பது அது. அப்போது அவளுக்கு வயது 9. மாங்காய் மாலையை மேசைமீது பரப்பி, தாளில் ஒவ்வொரு மாங்காயாக வரையத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் சென்றபின் எங்களை அழைத்தாள்.

“இதில் 27 மாங்காய்கள் இருக்கின்றன. 26 மாங்காய்களில் ஆறு ஆறு கற்கள். இந்த ஒன்றில் மட்டும் ஐந்து. ஏன்?”

எங்களிடம் விடையில்லை. கடைக்காரர் குறையென்று காட்டிய மாங்காய் அதுவே. “ஆச்சியைக் கேள்” என்றோம். அவள் அம்மாவின் அறைக்குச் சென்றாள். நாங்கள் வாயிலில் நின்று கேட்டோம்.

அம்மா சொன்னது இதுதான். அந்த மாலை அவருடைய தாயாரின் திருமணத்திற்காக 1936ஆம் ஆண்டில் வடசேரியில் செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டில் அம்மாவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு பயிர் பொய்த்திருந்தது. கையில் பணம் இல்லை. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று உறவினர் கூறினர். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் சென்று, சரட்டை அவிழ்த்து, ஒரு மாங்காயைக் கழற்றித் தரும்படி கேட்டார். அந்த ஒரு மாங்காயின் பொன்தான் அம்மாவின் முதலாண்டுக் கட்டணமாயிற்று. மற்ற 26 மாங்காய்களையும் ஆசாரி நெருக்கிக் கோத்துக் கொடுத்தார். ஊரில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அம்மா வேலையில் சேர்ந்தபின் மாதந்தோறும் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்தார். பழைய ஆசாரி அதற்குள் இறந்துவிட்டார், அச்சும் கிடைக்கவில்லை. அவருடைய மகன் கண்ணால் பார்த்தே ஒரு மாங்காயைச் செய்து கொடுத்தார். ஐந்து கற்களுக்குப் பணம் சரியாயிற்று. ஆறாவது கல்லுக்குப் போதவில்லை. “அடுத்த மாதம் பதித்துக்கொள்ளலாம் என்று ஆசாரி சொன்னார். அம்மை வேண்டாம் என்றுவிட்டாள். ‘ஐந்தாகவே இருக்கட்டும், எது என் மகள் வாங்கித் தந்தது என்று எனக்குத் தெரியவேண்டும்’ என்றாள், மக்கா!”

அன்று ஆசாரியின் தராசுத் தட்டிலிருந்து அம்மா கேட்டு வாங்கி வந்ததே அந்தக் குன்றிமணி.

எங்கள் மகள் அடுத்த வினாவைக் கேட்டாள். “பிறகு ஏன் ஆச்சி, இதை விற்கச் சம்மதித்தீர்கள்?” அம்மா சற்று நேரம் பேசவில்லை. பின், “வீடு வேண்டும் அல்லவா? விற்கட்டும். அந்த ஐந்து கல் மாங்காயை மட்டும் கழற்றித் தரும்படி உன் அப்பாவிடம் கேட்கலாம் என்றிருந்தேன்” என்றார்.

சனிக்கிழமை நாங்கள் கடைக்குச் செல்லவில்லை.

ஆசாரியின் தோட்டம்

அதன்பின் பல மாலைப்பொழுதுகளில் அம்மா பேசினார். பேத்தி குறிப்பேட்டில் எழுதினாள். நாங்களும் உடனிருந்து கற்றோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை மாணவர்களுக்காக இங்குத் தருகின்றோம்.

முதலாவது, நம் காதணிகள் பொன்னாவதற்கு முன் இலையாக இருந்தன. தோடு என்னும் சொல்லுக்கு இதழ் என்றும் ஓலை என்றும் பொருள் உண்டு. குழை என்பது தளிரையும் குறிக்கும், காதணியையும் குறிக்கும். பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகிய காலத்தின் நினைவு இச்சொற்களில் தங்கியிருக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் காவிரிக் கரையில் இன்றும் காதோலையும் கருகமணியும் படைத்து வழிபடுகின்றனர். நதிக்குப் பொன் தோடு கொடுப்பதில்லை. பழைய ஓலைத் தோட்டையே கொடுக்கின்றனர்.

இரண்டாவது, சங்ககாலத்து மக்களின் அடையாளங்கள் மலர்களே. சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு. நிலங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனச் செடி மரங்களின் பெயர்களையே இட்டனர். தம்மைப் பாடிவந்த பாணர்க்கு அரசர்கள் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டி அனுப்பினர் என்பதைச் சங்க நூல்கள் பலவிடங்களில் கூறுகின்றன. வாடும் பூவைச் சூடிய மக்கள், வாடாத பூவைப் பரிசாகத் தந்தனர்.

மூன்றாவது, பொன்னை நிறுத்த எடைகளும் விதைகளே. செந்நிறமும் கருநிறமும் கொண்ட குன்றிமணியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதனினும் பெரிய செந்நிற விதை மஞ்சாடி. அதனினும் பெரியது கழற்சிக்காய். அதன் பெயரால் வந்த எடை கழஞ்சு. சோழர் காலக் கணக்கில் 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் வழங்கிய அணிகலன்களைக் கல்வெட்டுகள் இந்த எடைகளாலேயே பதிவு செய்துள்ளன. கி.பி. 1010ஐ ஒட்டிய அக்கல்வெட்டுகளில், பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்றே பெயர். சரடு நீக்கி நிறுத்ததும், அரக்கும் சட்டமும் சேர்த்து நிறுத்ததும் பிரித்தெழுதப்பட்டுள்ளன. மெல்பர்ன் கடைக்காரர் அரக்கைக் கழித்தது எங்களுக்கு வருத்தமளித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் அக்கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தனர் என்று அறிந்தபோது அவ்வருத்தம் நீங்கிற்று.

இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மணிக்கற்களை நிறுக்கும் ‘காரட்’ என்னும் சொல், நடுநிலக்கடல் நாடுகளில் வளரும் காரோப் மரத்தின் விதையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இன்று 1 காரட் 200 மில்லிகிராம் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆக, கிழக்கிலும் மேற்கிலும் பொருளின் மதிப்பை அளக்க மனிதன் முதலில் கைநீட்டியது ஒரு விதையை நோக்கியே.

நான்காவது, ஆசாரியின் பட்டறையிலும் செடிகொடிகளே நிறைந்திருந்தன. ஓட்டில் உமியைக் கனலவிட்டு, ஊதுகுழலால் ஊதிப் பொன்னைப் பழுக்கக் காய்ச்சினர். செய்த நகையின் அழுக்கைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரால் போக்கினர். குன்றிமணிப் பருப்பை அரைத்த பசையால் நுண்ணிய உறுப்புகளை ஒட்டி நிறுத்தி, பிறகு வெங்காரம் இட்டுப் பற்றவைத்தனர். மரக்கிளைகளில் வாழும் பூச்சி தரும் அரக்கு, மாங்காயின் வயிற்றை நிரப்பித் தகடு நசுங்காமல் காத்தது. மாங்காயின் வளைந்த மூக்கு, புடைத்த வயிறு, காம்பு என ஒவ்வொன்றையும் தகட்டில் எழுப்ப, அந்த ஆசாரி மெய்யான மாங்காயைக் கையிலேந்தி நாள்கணக்கில் பார்த்திருத்தல் வேண்டும்.

(மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குன்றிமணி அழகியது, ஆயினும் கொடிய நஞ்சுடையது. உடைந்த விதை வயிற்றுக்குள் சென்றால் உயிருக்கே இடர் நேரும். பார்த்து மகிழலாம், வாயில் வைத்தலாகாது.)

காசின் மீது ஓர் எழுத்து

துணியில் முடிந்திருந்த பவுன் காசை எங்கள் மகள்தான் உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமீது அமர்ந்து நாகத்தோடு போரிடும் வீரன். கீழே 1912 என்னும் ஆண்டு. அவ்வாண்டின் மேலே மிகச் சிறியதாக ஆங்கிலத்தின் ‘எம்’ என்னும் எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது.

அது மெல்பர்ன் அக்கசாலையின் குறி. 1851இல் இந்த விக்டோரியா மாநிலத்தில் பாலரட், பெண்டிகோ முதலிய இடங்களில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பொன்னைக் காசாக்க 1872இல் மெல்பர்னில் அக்கசாலை திறக்கப்பட்டது. 1931வரை அங்கே பவுன் காசுகள் அச்சிடப்பட்டன. ஆஸ்திரேலியப் பவுன்கள் பெருமளவில் இந்தியாவுக்குச் சென்றன. நாம் 8 கிராம் பொன்னைப் ‘பவுன்’ என்பதற்கும் இக்காசின் எடையே காரணம்.

“அம்மையின் கல்யாணத்திற்கு அப்பா பவுன் காசுகளைக் கொடுத்துத்தான் மாலை செய்தாராம். மிஞ்சியது இது ஒன்று” என்றார் அம்மா. உருகிய காசுகளில் எத்தனை மெல்பர்னில் அச்சானவை என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும் எஞ்சிய ஒன்று இந்நகரத்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தொலைவில் பூமிக்குள் கிடந்த பொன், எங்கள் ஊர் மாமரத்தின் காயாக உருமாறி, மீண்டும் இங்கு வந்ததோ என்று எண்ணியபோது, அந்நிய நாடு என்னும் சொல்லைப் பயன்படுத்த எங்களுக்குச் சற்றுத் தயக்கம் உண்டாயிற்று.

இந்நாட்டு விதைகள்

2019ஆம் ஆண்டில் அம்மாவை நடு ஆஸ்திரேலியாவிலுள்ள உலூரு மலையைக் காண அழைத்துச் சென்றோம். அங்கே அனங்கு என்னும் தொல்குடி மகளிர் செய்த விதைமாலைகளைக் கண்டோம். சிவந்த விதைகளைப் பார்த்ததும் அம்மா, “குன்றிமணி!” என்று விரைந்தார். அவை குன்றிமணி அல்ல. ‘இனிந்தி’ என்னும் மரத்தின் விதைகள். எங்கள் ஊரில் வேலியோரம் நிற்கும் கலியாண முருங்கையும் இம்மரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சூடேற்றிய கம்பியால் விதையைத் துளைத்துக் கோக்கின்றனர். அம்மாவுக்கு அம்மகளிரின் மொழி தெரியாது; அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆயினும் கோக்கும் முறையைச் சைகையால் கேட்டு, சைகையால் விடை பெற்று, ஒரு மாலையையும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மற்றொன்றையும் அறிந்தோம். குன்றிமணிக் கொடி ஆஸ்திரேலியாவின் வடபகுதிகளில் இயல்பாகவே வளர்கிறதாம். தொல்குடி மக்கள் அதன் விதைகளையும் கோத்து அணிந்துள்ளனராம். இதைக் கேட்டதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டவர்களிடமே அது இருந்திருக்கிறதே!” என்றார்.

இந்நாட்டின் தேசிய மலர் பொன்னிற வாட்டில் மலர். 1954இல் இங்கு வருகை தந்த இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு, மஞ்சள் நிற வைரங்களாலும் வெண்ணிற வைரங்களாலும் அம்மலர்க் கொத்தின் வடிவில் செய்த அணியொன்று நாட்டின் பரிசாக வழங்கப்பட்டது. தாம் வாழும் மண்ணின் செடியைப் பொன்னிலும் மணியிலும் கண்டு மகிழும் ஆசை எல்லா மக்களுக்கும் பொதுவானது. நாமும் இம்மண்ணில் வாழ்கின்றோம். நம் அணிகலன்களில் இம்மண்ணின் காயோ பூவோ ஏன் இடம்பெறக் கூடாது? இவ்வினாவை எழுப்பியவளும் எங்கள் மகளே. பூங்காவில் உதிர்ந்து கிடந்த யூகலிப்டஸ் காயைக் காதருகே பிடித்து, “ஜிமிக்கி போலவே இருக்கிறது, ஆச்சி!” என்றாள். அம்மா அதனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “வடசேரியில் சொன்னால் செய்வார்கள்” என்றார்.

வடசேரியில்

அம்மா 2022ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு நாங்கள் ஊருக்குச் சென்றோம். நாகர்கோவிலை அடுத்த வடசேரி, கோயில் நகைகளுக்குப் பெயர்பெற்றது. நாட்டிய மேடைகளில் நம் பிள்ளைகள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம் ஆகியவற்றை வெள்ளித் தகட்டில் செய்து, செந்நிறக் கெம்புக் கற்களைப் பதித்து, கற்களைச் சுற்றிப் பொன் தகட்டை அழுத்தி இழைக்கும் குடும்பங்கள் அங்கே உள்ளன. ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்னும் பெயரில் இத்தொழில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் அச்சில் வார்த்த மலிவு நகைகளோடு போட்டியிட இயலாமல் இளையோர் பலர் வேறு வேலை தேடிச் செல்கின்றனர் என்று அங்கே கூறினர்.

முதிய தொழிலாளி ஒருவரிடம் எங்கள் மகள் வரைந்த படத்தைக் கொடுத்தோம். ஆஸ்திரேலியாவின் காட்டு மரத்துக் காய் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் படத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, “இது தைலமரத்துக் காய் அல்லவா? இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்?” என்றார். நாங்கள் நாணிச் சிரித்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் நீலகிரிக்கு வந்த அம்மரம், இன்று தமிழ்நாட்டில் எங்கும் நிற்கிறது. அது அயல்நாட்டு மரம் என்பதே அவருக்குச் செய்தி. வந்த இடத்தில் வேரூன்றி, ஒரு தமிழ்ப் பெயரையும் பெற்று, தன் வடிவம் மாறாமல் காய்த்துக்கொண்டிருக்கிறது அது.

மூன்று வாரங்களில் ஜிமிக்கிகளைச் செய்து தந்தார். ஒவ்வொன்றிலும் ஆறு கெம்புக் கற்கள் பதிக்க இடமிருந்தது. எங்கள் மகள் ஐந்து போதும் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, ஐந்தே பதித்தார்.

நிறைவாக

வீடு பிறகு வாங்கினோம். இரண்டு ஆண்டுகள் தாமதமாக, எண்ணியதினும் சற்றுத் தொலைவிலுள்ள ஊரில். எந்திரத்தில் செய்த சங்கிலிகளையும் காப்புகளையும் விற்றோம். அவற்றைப் பற்றி எங்கள் மகள் ஒரு வினாவும் எழுப்பவில்லை. எங்களுக்கும் சொல்ல ஒரு கதையும் இருக்கவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதிய குறிப்பேட்டில் 34 அணிகலன்களின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றை நாங்களே முதன்முறையாக அதில்தான் படித்தோம். அம்மா எங்களோடு ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். ஒரு குழந்தை கேட்காதிருந்தால் அப்பெயர்களும் மல்லிகைமொட்டு மாலையோடு போயிருக்கும்.

பெற்றோர்களே, பழைய நகையை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் தேவையைப் பொறுத்தது. அதில் அறிவுரை கூற எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் விற்குமுன் ஒருமுறை அதனை மேசைமீது பரப்பி, பிள்ளைகளோடு அமர்ந்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லுங்கள். தெரியாத பெயரைப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு நிழற்படமாவது எடுத்து வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கற்களை எண்ணுங்கள். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால், ஏன் என்று கேளுங்கள். இன்று மாலை ஆண்டு விழா மேடையில் நடனமாடும் பிள்ளைகளுள் ஒருத்தி, கழுத்தில் மாங்காய் மாலையும் காதில் தைலமரக் காய் ஜிமிக்கியும் அணிந்திருப்பாள். நாட்டியம் முடிந்தபின் அவளிடம் சென்று கேட்டால், எந்த மாங்காய் அவள் ஆச்சியுடையது என்று அவளே தொட்டுக் காட்டுவாள்.